தங்கக் கோடு போட்ட கார்டு

பக்கத்து அறையிலிருந்து டேப் கிழியும் சத்தம் கேட்டது. நீளமாக ஒரு முறை. சற்று இடைவெளி. பிறகு மறுபடியும்.

வெர்லீன் டைன்ஸ் சமையலறை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அடுப்புக்குள் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை என்றால் அந்த வீட்டில் வெல்லப்பாகு ஊற்றி வேகவைத்த பீன்ஸும் பழுப்பு ரொட்டியும்தான். வீடு முழுக்க அந்த மணம் நிறைந்திருந்தும் அவளுக்குப் பசிக்கவில்லை.

அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. ஹாலிஃபாக்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கறுப்பின மாணவர்களுக்கான ஆலோசகர் அவள். அட்டைப்பெட்டியை ஒட்டும் சத்தத்தை விடுதி அறைகளின் வாசலில் நின்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். கதவைத் தட்டி, உள்ளே போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் பொறு கண்ணு, அவசரப்படாதே" என்று சொல்வதற்குத்தான் கால் நூற்றாண்டாக அவளுக்குச் சம்பளம். இன்றைக்கு அந்தச் சத்தம் அவள் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. பெட்டி கட்டுகிறவள் அவளுடைய சொந்தத் தங்கை ஆர்டெல்லின் மகள் டெனீட்டா. நர்சிங் இரண்டாம் வருஷம். படிப்பதற்காகப் பெரியம்மா வீட்டில் தங்கியிருப்பவள்.

வெர்லீனின் கணவர் வெண்டல், கையில் காப்பிக் கோப்பையோடு கதவோரம் வந்து நின்றார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். உட்கார்ந்தே தேய்ந்த முழங்கால்கள்.

"போய் ஒரு வார்த்தை பேசேன், வெர்ல்."

"என்னத்தைப் பேச?"

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பேசுற வாய்தானே அது?"

"அந்த வாய்க்கு இன்னிக்கு லீவு."

வெண்டல் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "ஆர்டெல் நாலு மணிக்கு வேனோட வந்துருவாளாம். இப்பத்தான் போன் பண்ணினா. 'என் பிள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன், அக்கா குறுக்க வரவேண்டாம்'னு சொல்லச் சொன்னா."

வெர்லீன் கண்களை மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் நடந்தது இது. நர்சிங் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் செய்முறைத் தேர்வு. பொம்மை நோயாளிக்கு ஊசி போட்டு, கட்டுக் கட்டி, ரத்த அழுத்தம் பார்த்துக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் வார்டில் பயிற்சிக்கு விடுவார்கள். தவறினால் வருஷமே போச்சு. டெனீட்டா முதல் ஆளாக வந்து வரிசையில் நின்றிருந்தாள். மாடி வாசலில் ஒரு செக்யூரிட்டி ஆள். எல்லோரையும் தலையசைத்து உள்ளே விடுகிறவன் இவளை மட்டும் கை நீட்டித் தடுத்தான்.

"கார்டு?"

கொடுத்தாள்.

"இது உன்னோடதா?"

"போட்டோவைப் பாருங்க சார்."

"போட்டோவுல இருக்கிறது நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்? சுவரோரமா நில்லு. ஆபீசுக்குப் போன் போடறேன்."

ஆபீசில் யாரும் எடுக்கவில்லை. அவளுடன் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டி உள்ளே போனார்கள். முந்தின நாள் அவளுடைய தட்டிலிருந்து உருளைக்கிழங்கு எடுத்துத் தின்ற சிநேகிதி தரையைப் பார்த்தபடி நடந்து போனாள். ஒருத்தியாவது, "அவ எங்க வகுப்புதான் சார்" என்று வாயைத் திறக்கவில்லை. ஆபீசிலிருந்து ஒருவழியாகப் பதில் வந்தபோது தேர்வு அறையின் கதவைச் சாத்திவிட்டார்கள். தாமதமாக வந்தால் தாமதம்தான் என்று ஆசிரியை பூஜ்யம் போட்டாள்.

சுவரோரம் நின்ற அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் மனசுக்குள் என்னென்ன உடைந்ததோ! அது யாருடைய மார்க் கணக்கிலும் வராது.

வெர்லீன் அன்றே நடையாய் நடந்தாள். போன் போட்டாள். வெள்ளிக்கிழமை மூன்று அறைகளில் காத்திருந்தாள். "ரொம்ப வருத்தமா இருக்கு, வெர்லீன்" என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே வருத்தம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், பஸ் தடம் முடிகிற இடத்தில் இருக்கும் கறுப்பினக் குடியிருப்பில் பிறந்தவள் வெர்லீன். அப்பா ரயிலில் பயணிகளுக்குப் பெட்டி தூக்கினார். கல்லூரிக்குப் போன முதல் நாள் பேராசிரியர் அவளைப் பார்த்து, "நீ எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறாய்?" என்று கேட்டார். "துறைமுகத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து, சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் ஜோக்கு சொன்னதாக நினைத்துவிட்டார்கள். பேராசிரியரின் தாத்தா இந்த மண்ணில் கால் வைப்பதற்கு நூறு வருஷம் முன்பே அவளுடைய குடும்பம் இங்கே மரம் வெட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு பொறுத்துக்கொண்டாள். அன்று தொடங்கியதுதான் அந்தப் பொறுமை.

அடுத்த வருஷம் ஆர்டெல் நர்சிங் சேர்ந்தாள். வார்டில் ஒரு கிழவர், "இவ கை என்மேல் படக்கூடாது" என்றார். மேற்பார்வை நர்ஸ், நோயாளியின் விருப்பம் என்று சொல்லி, ஆர்டெல்லைத் துணி மடிக்கும் அறைக்கு அனுப்பினாள். அந்தப் பருவம் முழுக்க அங்கேயே வைத்திருந்தாள். அழுதுகொண்டு வந்த தங்கையிடம் வெர்லீன் சொன்னாள்: "கொஞ்சம் பொறு, ஆர்டெல்." ஆர்டெல் கிறிஸ்துமஸ் வரை பொறுத்தாள். அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை. இப்போது வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். "நானும் வார்டுலதான் இருக்கேன் அக்கா, கையில ஊசிக்குப் பதிலா துடைப்பம், அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பு வெர்லீனின் நெஞ்சில் முள்ளாகக் குத்தி இன்னும் அங்கேயே நிற்கிறது.

அதற்காகத்தான் அவள் இந்த வேலைக்கு வந்தாள். இனி ஒரு ஆர்டெல் திரும்பிப் போகக்கூடாது என்று. கீழ்த்தளத்தில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். பிறகு காலம் மாறியது. ஒவ்வொரு கமிட்டியிலும் கறுப்பினத்தவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் அந்த ஒருவர் எப்போதும் வெர்லீன்தான். ஆள் எடுக்கும் கமிட்டி, பாடத்திட்டக் கமிட்டி, வண்டி நிறுத்தும் இடத்துக்கான கமிட்டி! ஒரே மாதிரியான சாண்ட்விச் தட்டு ஒவ்வொரு அறையிலும் அவளுக்காகக் காத்திருந்தது. அவளைப் பார்க்க வந்த பிள்ளைகள் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

"பிப்ரவரி வந்தா என் பெண்டாட்டிக்கு ராஜ மரியாதை," என்பார் வெண்டல். கறுப்பின வரலாற்று மாதம் அது. "மேடை என்ன, மைக் என்ன, போட்டோ என்ன! மார்ச் ஒண்ணாம் தேதி காலையில லிஃப்ட்ல கூட யாரும் வணக்கம் சொல்ல மாட்டாங்க."

இது மார்ச் கடைசி. வெளியே சேறும் பனியுமாக இருந்தது.

டேப் சத்தம் நின்றது. டெனீட்டா சமையலறைக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"கத்தரிக்கோல் எங்க இருக்கு பெரியம்மா?"

"இழுப்பறையில." வெர்லீன் தயங்கினாள். வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. "டெனீட்டா, கொஞ்சம் பொ..."

"சொல்லாத பெரியம்மா." டெனீட்டா இழுப்பறையை வெடுக்கென்று இழுத்தாள். "அதை மட்டும் சொல்லாத. எங்கம்மாகிட்டயும் இதைத்தானே சொன்ன? இதுவரைக்கும் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்க? பொறுத்தவங்கள்லாம் எங்க போனாங்க?"

வெர்லீனுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. சிலர் டாக்டர் ஆனார்கள், வக்கீல் ஆனார்கள், திருமணத்துக்கு அழைத்தார்கள். மற்றவர்கள்? அவர்களுடைய முகங்கள் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றன.

அப்போது வாசல் மணி அடித்தது.

"அதுக்குள்ள ஆர்டெல்லா?" என்று வெண்டல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இல்ல. உன் ஆபீஸ் பெரிய மேடம். கையில கேக் டப்பா."

வந்தவள் டாக்டர் ஹெதர் மக்கினிஸ். மாணவர் நலனுக்கான துணைத் தலைவர், வெர்லீனுக்கு மேலதிகாரி. பனிக்காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு, காலுறையோடு பணிவாக உள்ளே வந்தாள். கெட்ட மனுஷி இல்லை. லீவு நாளில் இவ்வளவு தூரம் தானே வண்டி ஓட்டி வந்திருந்தாள்.

"என்ன வாசனை! பீன்ஸா? டெனீட்டா, உன்னை நேர்ல பார்த்துச் சொல்லணும்னுதான் வந்தேன். நடந்தது ரொம்பத் தப்பு. ராத்திரி தூக்கமே வரல எனக்கு."

"எனக்கும்தான்" என்றாள் டெனீட்டா.

ஹெதர் கைகளைப் பிசைந்தாள். "செவ்வாய்க்கிழமை விழா தெரியும்ல? கறுப்பின மக்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்போம்னு பல்கலைக்கழகமே உறுதிமொழியில கையெழுத்துப் போடுது. நீ மேடையில வந்து உன் கதையைச் சொல்லணும். மனசைத் தொடுற மாதிரி ரெண்டு நிமிஷம். வெர்லீன் வழக்கம்போல சர்ச் பாட்டுக் குழுவைக் கூட்டிட்டு வந்துருவாங்க. உங்க ஊர்ப் பெரியவங்க முன் வரிசையில உட்காருவாங்க."

"அப்புறம் என் பரீட்சை?"

"அதுக்கு முறையீடு போடலாம். கொஞ்சம் நாளாகும். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுமையா..."

வெண்டல் இருமினார்.

"ஆனா ஒரு நல்ல செய்தி இருக்கு!" ஹெதரின் முகம் மலர்ந்தது. கைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இனிமேல் இப்படி நடக்கவே நடக்காது. வழி கண்டுபிடிச்சுட்டோம்."

டெனீட்டாவின் படம். டெனீட்டாவின் பெயர். வழக்கமான ஐடி கார்டுதான். ஆனால் ஓரத்தில் தடிமனாகத் தங்க நிறத்தில் ஒரு கோடு.

"கறுப்பின மாணவர்கள் எல்லாருக்கும் இது. இந்தக் கோட்டைப் பார்த்தா எந்த செக்யூரிட்டியும் ஒரு கேள்வி கேட்கக்கூடாதுன்னு உத்தரவு. காட்டினா போதும், உடனே உள்ள விட்டுருவாங்க. முன்னாடியும் இப்படிப் புகார் வந்ததால பாதுகாப்புக் கமிட்டியில போன வாரமே முடிவாச்சு."

"அந்தக் கமிட்டியில நானும் இருக்கேனே" என்றாள் வெர்லீன் மெதுவாக.

"நீங்க அன்னிக்கு வரல. ஆள் எடுக்கிற கமிட்டியும் அதே நேரத்துலதானே இருந்துச்சு. அங்கேயும் நீங்க இருந்தாகணுமே."

வெண்டல் கார்டைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், சிப்பாயைப் போல விறைப்பாக, "தாளைக் காட்டு!" என்றார்.

டெனீட்டாவுக்குச் சிரிப்பு பீறிட்டது.

ஆகஸ்ட் மாதத்தில், வெளியூர் போன சொந்தங்களெல்லாம் ஊர் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சில் குழந்தைகள் ஒரு காட்சி நடிப்பார்கள். முன்னோர்கள் கப்பலிலிருந்து இறங்கும் காட்சி. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். 'இவர் சுதந்திர மனிதர்' என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள். யார் கேட்டாலும், எந்தத் தெருவில் கேட்டாலும், எடுத்துக் காட்ட வேண்டும். காகிதத் தொப்பி போட்ட ஒரு குழந்தை சிப்பாயாக நின்று, "தாளைக் காட்டு!" என்று அதட்டும். மற்ற குழந்தைகள் வெள்ளைத் தாளை ஆட்டி, "பாத்துக்கோ, நான் எனக்குச் சொந்தம்!" என்று கத்துவார்கள். பிறகு தாள்களைச் சுக்குநூறாகக் கிழித்து மேலே வீசுவார்கள். சர்ச்சே எழுந்து ஆர்ப்பரிக்கும். அந்த ஊரில் பிறந்த யாரும் அதை நடிக்காமல் வளர்ந்ததில்லை. டெனீட்டா ஏழு வயதில் கரிமீசை வைத்துக்கொண்டு சிப்பாயாக நின்று சொந்த அம்மாவையே அதட்டியிருக்கிறாள்.

"பாத்துக்கோ, நான் எனக்குச் சொந்தம்" என்று சொல்லிச் சிரித்தாள் டெனீட்டா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. நின்றபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். அப்படியே சரிந்து பெரியம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஹெதர் திகைத்துப்போய் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "என்ன ஜோக்கு? எனக்கும் சொல்லுங்களேன்."

"பழைய ஜோக்கு, டாக்டரம்மா" என்றார் வெண்டல். "இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்பவும் சிரிப்பு வருது பாருங்க."

அவரே விளக்கிச் சொன்னார். கேட்கக் கேட்க ஹெதரின் கழுத்து சிவந்தது, காது சிவந்தது. "நாங்க அப்படி நினைக்கல. சத்தியமா நினைக்கல" என்றாள். கண்களில் நீர் கோத்துக்கொண்டது.

வேறொரு நாளாக இருந்தால் வெர்லீன் எழுந்துபோய் அவள் தோளைத் தட்டிக்கொடுத்திருப்பாள். 'பரவாயில்ல ஹெதர், உங்க மனசு தெரியும்' என்று சொல்லி ஒரு காப்பி போட்டுக் கொடுத்திருப்பாள். அதுவும் அவளுடைய வேலைதான்; இத்தனை வருஷம் அழுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள், துடைக்கிற கை ஒன்றுதான் இருந்தது. இன்றைக்கு அந்தக் கை மடியில் கிடந்த பிள்ளையின் தலைமேல் இருந்தது. அதை எடுக்க அவளுக்கு மனமும் இல்லை, தெம்பும் இல்லை.

"ஹெதர்" என்றாள். "பாட்டுக் குழு வராது."

"என்ன?"

"பாட்டுக் குழு வராது. பெரியவங்க வரமாட்டாங்க. நான் கூப்பிட்டாத்தான் வருவாங்க. இந்தக் கார்டை அடிச்சு வச்சிருக்கிற இடத்துக்கு அவங்களைக் கூப்பிட எனக்கு வாய் வரல. நானும் வரல."

"வெர்லீன், முன் வரிசை முழுக்கக் காலியா இருந்தா பத்திரிகைக்காரங்க என்ன எழுதுவாங்க? நீங்க... நீங்க என்னை மிரட்டுறீங்களா?"

"இல்ல ஹெதர். எனக்கு அசதியா இருக்கு."

எவ்வளவு சின்ன வார்த்தை! அதைச் சொல்ல அவளுக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. அதில் கோபமில்லை. கோபத்துக்குக் கூட கொஞ்சம் பலம் வேண்டுமே.

"அவளைத் தடுத்தது உங்க ஆள். கதவைச் சாத்தினது உங்க ஆள். பூஜ்யம் போட்டதும் உங்க ஆள். இவ எதுக்கு முறையீடு போடணும்? எதுக்கு மேடை ஏறி அழணும்? பரீட்சையைத் திரும்ப வைங்க. அவ்வளவுதானே?"

"அது நர்சிங் துறைத் தலைவர் முடிவு பண்ணணும்."

"அவருக்குப் போன் இருக்கும்ல?" என்றார் வெண்டல்.

ஹெதர் கைப்பைக்குள் கையை விட்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அவள் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. காப்பி ஆறுவதற்குள் திரும்பி வந்தாள்.

"திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு. புதுசா மார்க் போடுவாங்க. பழைய பூஜ்யத்தை எடுத்துடுவாங்க."

ஒரே ஒரு போன்! வெர்லீன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவள் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. இவ்வளவு சுலபமா? ஆர்டெல்லுக்காக யாராவது அன்றைக்கு இந்த ஒரு போனைப் போட்டிருந்தால்? பெட்டி கட்டிக்கொண்டு போன அத்தனை பேருக்கும்?

டெனீட்டா எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"நீ போகணும்னா போ கண்ணு" என்றாள் வெர்லீன். "நான் தடுக்கமாட்டேன். உங்கம்மா வேன் வந்தா பெட்டியை நானே தூக்கி வைக்கிறேன். எனக்காக இருக்காதே. உங்கம்மாவுக்காகவும் இருக்காதே."

டெனீட்டா ஹெதரைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை வாசல்ல யாரு நிப்பாங்க?"

"அதே ஆள்தான். ஆனா அவர்கிட்ட நாங்க பேசி..."

"நீங்க வந்து நிப்பீங்களா?"

"நானா?"

"நான் பழைய கார்டைத்தான் கொண்டு வருவேன். கோடு போட்டது வேண்டாம். என்னைத் தடுத்தா நீங்க பக்கத்துல நிக்கணும். அன்னிக்கு யாருமே நிக்கல டாக்டர்."

"எட்டு மணிக்கு எனக்கு ஒரு கமிட்டி..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். தலை குனிந்தது. "நிக்கிறேன்."

"அப்ப எழுதறேன். எழுதிட்டு முடிவு பண்றேன். அம்மா வந்து என்னைத் திட்டினா திட்டட்டும்."

"உன்னைத் திட்டமாட்டா" என்றார் வெண்டல். "என்னைத்தான் திட்டுவா. அவ வர்ற வழியில பனி பெய்ஞ்சாலும் நான்தான் காரணம்."

டெனீட்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். வெண்டல் அவளுக்கு ஒரு தட்டில் பீன்ஸ் எடுத்து வைத்தார். அவள் சாப்பிடத் தொடங்கினாள். வியாழக்கிழமைக்குப் பிறகு முழுசாகச் சாப்பிட்டது அதுதான்.

வெர்லீன் ஹெதரை வாசல் வரை கொண்டுவிட வந்தாள். ஹெதர் குனிந்து காலணியை மாட்டினாள்.

"கார்டு விஷயத்தைக் கமிட்டியில மறுபடி வைக்கிறேன். நீங்களும் வந்து பேசினா..."

"நீங்களே பேசுங்க. நான் அந்தக் கமிட்டியில இனி இல்ல. மத்ததுலயும் இல்ல. என் அறையில இருப்பேன். கதவு திறந்திருக்கும். பிள்ளைங்க வந்தா பார்ப்பேன்."

"செவ்வாய்க்கிழமை?"

"செவ்வாய்க்கிழமை தூங்கப் போறேன், ஹெதர்."

இருவரும் கை குலுக்கிக்கொள்ளவில்லை; பகையாகவும் பிரியவில்லை. தங்கக் கோடு போட்ட அந்தக் கார்டை வெர்லீன் அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். ஹெதர் அதைக் கைப்பையில் போடாமல், உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

"கடைசிப் படி வழுக்கும், பார்த்துப் போங்க" என்றாள் வெர்லீன்.

கார் கிளம்பும்வரை நின்றாள். குளிர் உள்ளே வந்தது. கதவைச் சாத்தினாள்.